தோள்வலிக்கு ஒரு கிண்ணம்

இனி இந்த உடம்பில் மாத்திரை இறங்காது, நாதம் ஒன்றே மருந்து! இந்தச் சபதத்தை நான் எடுத்தபோது கூடத்தில் இரண்டு பெயின்ட் டப்பாவும் ஓர் ஏணியும் காத்திருந்தன. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் நம்பினால், நீங்கள் நல்லவர். என் மனைவி அவ்வளவு நல்லவள் இல்லை.

வலது தோளில் வலி. முதல் நாள் நிஜமாகவே கொஞ்சம் வலித்தது. மாத்திரை போட்டால் இரண்டே நாளில் சரியாகிவிடும். அதுதான் மாத்திரையில் உள்ள ஆபத்து. நாதமோ நிதானமானது. அவசரப்படாது. அதற்குள் அவளே பொறுமையிழந்து ஆள் வைத்துச் சுவருக்கு வண்ணம் அடித்துவிடுவாள். இதுதான் என் கணக்கு.

வெண்கலக் கிண்ணமும் மரக்கட்டையும் வாங்கி வந்தேன்.

"இதைத் தட்டினா வலி போயிடுமா?"

"ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம் இருக்கும்மா. அது காதுல விழுந்தா நரம்பு தானா எழுந்து உக்காரும்."

"இருக்கும்ங்க. தாலாட்டு கேட்டா குழந்தை தூங்கலையா? உங்க சுரம் எதுன்னு கண்டுபிடிச்சா போதும்."

சண்டை போடுவாள் என்று பார்த்தால் சிஷ்யை ஆகிவிட்டாள்! வேளை தவறாமல் தலைமாட்டில் உட்கார்ந்து தட்டினாள். அந்த ரீங்காரம் சுகமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அனுபவித்தேன்.

"கையைத் தூக்குங்க, பாப்போம்."

"ஆ... அம்மா!"

"இந்தச் சுரம் இல்ல," என்பாள் பொறுமையாக.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுத்த வீட்டு போட்டோக்காரர் என் கேரம் கூட்டாளி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஆட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அவர் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். போர்டு என்னுடையது. நான் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

டக். டக். டக்.

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. பீரோவுக்கு மேலே எம்பி, போர்டை வலது கையால் இழுத்து இறக்கி, வாசல் தாண்டிவிட்டேன். அவர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

திரும்பி வந்தேன். மனைவி கூடத்தில் நின்றாள். ஒரு கையில் பெயின்ட் பிரஷ். இன்னொரு கையில் கிண்ணத்தின் மரக்கட்டை.

"அவங்க குடும்பத்தோட நேத்தே ஊருக்குப் போயிட்டாங்களே!"

"அப்போ தட்டினது?"

"நான்தாங்க. கிண்ணத்துல தட்டினா குணமாகல. சரி, சுவத்துல தட்டிப் பாப்போமேன்னு தட்டினேன். அடேங்கப்பா! கை தலைக்கு மேல போச்சே! உங்க வைத்தியம் பொய்யே இல்லைங்க!"

வலிக்கிறது என்றால் என் வைத்தியம் பொய். வலிக்கவில்லை என்றால் ஏணி. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் யாரை நோவது? கோபம் வரவில்லை, சத்தியமாக. இவ்வளவு மூளையோடு என்னைப் போய்க் கட்டிக்கொண்டாளே என்று பெருமையாகத்தான் இருந்தது.

ஏறினேன். ஒரு சுவர் முடிவதற்குள் தோள் நிஜமாகவே பிடித்துக்கொண்டது. உயிர் போகிற வலி.

"அம்மா தாயே! வலிக்குது. ஒரு மாத்திரை கொடேன்!"

"அப்படியே நில்லுங்க," என்றாள். "கிண்ணத்தை எடுத்துட்டு வரேன்."