எந்தப் பருப்பு என்று கேட்டவர்

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். யுத்த காலத்தில் தேனாம்பேட்டையில் ஒரு சின்ன பிஸ்கோத்துக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற சீட்டுக்கு வாசகம் எழுதுவதும் என் வேலை. 'சத்து மிகுந்த உயர்ந்த பருப்பு தூவியது. சிசு முதல் கிழவர் வரை எவருக்கும் தீங்கு செய்யாதது' என்று எழுதினேன். எந்தச் சிசுவையும் நான் கேட்கவில்லை. கிழவரையும் கேட்கவில்லை. பருப்பையாவது பார்த்தேனா என்றால், மூட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

அந்த வாசகத்தை நம்பாத ஒரே மனிதர் லேபிள் வாத்தியார். சென்னைப் பட்டணத்தில் விற்கிற பொட்டலங்கள் அத்தனையையும், ஒன்றைக்கூட வாங்காமல், படித்து முடித்தவர் அவர் ஒருவர்தான். சாந்தோமில் கணக்கு வாத்தியாராக இருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்; மயிலாப்பூர்க் கடைக்காரர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. கடைக்குள் வருவார். பொட்டலத்தை எடுப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முன்பக்கம், பின்பக்கம், மடிப்புக்குள் ஒளிந்திருப்பது வரை உரக்கப் படிப்பார். "எல்லாம் இருக்கு. உள்ளே என்ன இருக்குன்னு மட்டும் இல்லை" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். குளத்தங்கரைக் கடைக்காரர் ஒருவர் அவர் தலை தெரிந்ததும் பொட்டலங்களையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். அதனால் வாத்தியாருக்குப் பின்பக்கம் படிக்கிற வேலை சுலபமாயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"இந்தச் சீட்டை எழுதினது யாரு?"

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"எந்தப் பருப்பு?"

"உயர்ந்த பருப்பு, சார்."

"குணத்தைக் கேக்கலை தம்பி. பேரைக் கேட்டேன்."

விஷயம் இதுதான். அவர் மனைவிக்கு எள் ஆகாது. தெரியாமல் ஒரே ஒரு எள் உள்ளே போனாலும் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஒரு கிறிஸ்துமஸின் போது யாரோ கொடுத்த மிட்டாயைத் தின்று, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப் பூசுதலுக்குப் பாதிரியாரை அழைக்கிற வரைக்கும் போய்த் திரும்பியவர். அன்றிலிருந்து கடைப் பண்டம் எதுவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அந்த அம்மாளுக்கோ பிஸ்கோத்து என்றால் உயிர். எங்கள் பொட்டலத்தைக் கடையில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார்.

"மருந்து சீசாவிலே என்ன இருக்குன்னு எழுதறான். எலிப் பாஷாணத்திலேகூட எழுதறான்" என்று வாத்தியார் மேஜையைத் தட்டினார். "எலிக்குக் கொடுக்கிற மரியாதை என் வீட்டுக்காரிக்குக் கிடையாதா?"

சொல்லியிருக்கலாம். அது சூரியகாந்தி விதை. முந்திரி கண்ணில் படவில்லை, கடலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. முதலாளி எங்கிருந்தோ சூரியகாந்தி விதையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனால் அவர் உத்தரவு வேறு. "கிளிக்குப் போடறத மனுசனுக்குப் போட்டுக்கினு கீறான்னு ஊரே சிரிக்கும் நைனா. வாயத் தொறந்தே, வேலைய மறந்துடு."

வேலையை மறக்க மனமில்லாமல், வாயை வேறு காரியத்துக்குத் திறந்தேன். வாத்தியார் கண் முன்னால் ஒரு பொட்டலம் முழுவதையும் தின்று காட்டினேன். "பாருங்க சார். எனக்கு ஏதாவது ஆச்சா?"

அவர் பொறுமையாகக் கடைசி பிஸ்கோத்து வரை பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு ஆகலைன்னா நல்லது தம்பி. நான் உன்னையா கட்டிக்கிட்டிருக்கேன்?"

விதை பழசு, சிக்கு நாற்றம் வேறு. அன்று பிற்பகல் முழுவதும் நான் நாற்காலியில் இல்லை. எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பூந்தொட்டியோடு வந்தார். தொட்டியில் வெறும் மண். எங்கள் கம்பெனியில் விதையை வேகவைக்கிற வழக்கமில்லை. வெந்த பிஸ்கோத்தின் மேல் பாகைத் தடவித் தூவிவிடுவோம், விறகு மிச்சம். தோல்கூட நீங்காத ஒன்றிரண்டும் அதில் வரும். அன்று நான் தின்று சிந்தியதிலிருந்து அப்படி ஒன்றைக் கிள்ளியெடுத்து ஊன்றியிருக்கிறார். "நீங்க சொல்ல மாட்டீங்க. இது சொல்லும்" என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வாடிக்கைக்காரர் ஒருவர் மரியாதைக்காகக் கொடுத்த செடி என்று முதலாளி நினைத்துக்கொண்டார். "இன்னா தங்கமான மனுசன்" என்று தம் கூஜாவிலிருந்தே தினமும் தண்ணீர் ஊற்றினார். செடி முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது. வாத்தியார் சனிக்கிழமைதோறும் வந்து, பரீட்சைக்குப் பையனைத் தயார் செய்கிறவர் மாதிரி அதை மேலும் கீழும் பார்ப்பார். ஒரு நாள் தட்டு அகலத்துக்குப் பூத்தது. பூத்ததுதான் பூத்தது, முதலாளியின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பூத்தது.

"சூரியகாந்தி" என்றார் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுகிற குரலில். "உங்க பிஸ்கோத்திலே முளைச்சது."

முதலாளி பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

"நான் வாயே திறக்கலைங்க. நீங்கதான் தண்ணி ஊத்தினீங்க."

இனி மறைக்க ஒன்றுமில்லை என்கிற தைரியத்தில், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு பொட்டலத்தோடு சாந்தோமில் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். "சூரியகாந்திதான் அம்மா. தாராளமாச் சாப்பிடலாம். எள்ளுக்கும் இதுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை."

அந்த அம்மாள் கையை நீட்டிவிட்டார். வாத்தியார் நடுவில் புகுந்து பொட்டலத்தை வாங்கி, சட்டைக் காலரிலிருந்து ஒரு குண்டூசியை உருவினார். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பிஸ்கோத்தை வைத்து விதைகளை ஒவ்வொன்றாகக் கிளப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

"கண்டுக்காதே தம்பி" என்றார் அந்த அம்மாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துட்டுத்தான் சம்மதம் சொன்னார்."

எனக்குக் கோபம் பொங்கியது. மனசாரக் கொண்டுவந்ததை ஊசியால் குத்துகிறாரே. "இவ்வளவு சந்தேகப்பட்டா மனுஷன் எப்படி சார் வாழறது?" என்று கேட்டேன்.

ஆறாவது பிஸ்கோத்தில் ஊசி நின்றது. இரண்டு சூரியகாந்தி விதைகளுக்கு நடுவில், பாகில் ஒட்டிக்கொண்டு, ஓர் எள்.

"இது யாரு?" என்றார் வாத்தியார்.

மூட்டையை வெளியிலிருந்து பார்த்தேன் என்றேனே, அதன் மேல் எண்ணெய்ச் செக்குக்காரரின் முத்திரை இருந்ததையும் பார்த்தவன்தான் நான். எள் வந்த பழைய சாக்கில்தான் எங்கள் விதை வந்திருக்கிறது. விதை ஒரு பாவமும் அறியாது. சாக்கு அறியும், நானும் அறிவேன். பார்த்ததை யோசிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊசி இல்லாவிட்டால் அன்று பாதிரியாருக்கு ஆள் போயிருக்கும்.

வாத்தியார் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. அந்த அம்மாள் நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டு, "போகட்டும் தம்பி, வாசனையாவது பார்த்தேனே" என்றார்.

வீட்டுக்கு நடந்துவந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வயிற்றுக்குள் போகிற பொருளுக்கு இவ்வளவு ரகசியம் எதற்கு? இப்போது யுத்தம் முடிந்து முந்திரிகூடத் திரும்பி வந்துவிட்டது. பொட்டலங்கள் இன்றைக்கும் வாயைத் திறந்தபாடில்லை.

மறுநாள் திங்கட்கிழமை புதுச் சீட்டு எழுதினேன். 'சூரியகாந்தி விதை தூவியது. விதை எள் சாக்கில் வந்தது. எள் ஆகாதவர்கள் தொட வேண்டாம்.'

முதலாளி படித்தார். "இன்னா இது, பிஸ்கோத்துக்கு ஜாதகம் எழுதிக்கினு கீறே? வாங்க வரவன் ஓடிப்பூடுவான்."

"ஓட வேண்டியவங்க ஓடட்டுங்க" என்றேன். என் ஆயுளில் நான் பேசிய ஒரே வீர வசனம் அது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே வீதியில் நின்றேன், கையில் பூந்தொட்டியோடு.

பூ காய்ந்து விதை முற்றியது. எந்தச் சாக்கையும் கண்ணால் பார்க்காத விதை. ஒவ்வொன்றாகத் தோலுரித்து, ஊசியால் புரட்டிப் பார்த்து, புதுத் துணியில் முடிந்து வைத்தேன். வாணலியை நான் தேய்த்த தேய்ப்பில், "போறும்டா, ஓட்டையாயிடும்" என்று அக்கா கத்தினாள். கடைசியில் சுட்ட பிஸ்கோத்தில் பாதி கருகியது. மீதி வெந்தும் வேகாமலும் இருந்தது. தேறினதைக் காகிதத்தில் சுற்றி, மேலே கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'கோதுமை மாவு, சர்க்கரை, நெய், சூரியகாந்தி விதை. எள் இல்லை. நானே பார்த்தேன்.'

சாந்தோமில் வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முன்பக்கம் படித்தார். பின்பக்கம் திருப்பினார். மடிப்புக்குள்ளும் பார்த்தார். நானே பீங்கான் தட்டைக் கொண்டுவந்து வைத்து, என் சட்டைக் காலரிலிருந்து ஒரு குண்டூசியை உருவி நீட்டினேன். இப்போதெல்லாம் என் காலரிலும் ஒன்று இருக்கிறது.

அவர் அதை வாங்கவில்லை. பொட்டலத்தை அப்படியே அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டார்.

"ஊசி வேண்டாமா சார்?" என்றேன்.

"உன் கையெழுத்தாச்சே."