நாலு கூரை கண்ட ஜெபசீலன்

மனிதரில் அண்ணாந்து பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. வானத்தைப் பார்ப்பவரைச் சொல்லவில்லை. அவர்களைக் கவிஞர் என்றும் சோதிடர் என்றும் ஏற்கெனவே பிரித்து வைத்துவிட்டோம். இங்கே சொல்வது, அடுத்தவர் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பவரை.

அத்திவாரம் வெட்டும்போது இவரைக் காணக் கிடைக்காது. சுவர் எழும்பும்போதும் வரமாட்டார். நிலை நிறுத்தி, யன்னல் பூட்டி, மேல் வரிசைக் கல்லும் அடுக்கி, இனிக் கூரை ஒன்றுதான் மிச்சம் என்று வீட்டுக்காரர் ஆறுதலாக மூச்சு விடும் நாளைப் பார்த்து வருவார்; சைக்கிளை மதிலோடு சாத்துவார்; கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னும் போடாத கூரையைப் பார்த்து "ம்" என்பார். அவ்வளவுதான். அன்றோடு அந்த வீட்டில் நித்திரை போய்விடும். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பாரே?

உரும்பிராயில் இருப்பவருக்குப் பெயர் ஜெபசீலன். தபால் கந்தோரில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு ஊரில், நாலு விதமான கூரைகளின் கீழே இருந்து முத்திரை விற்றிருக்கிறார். ஓட்டின் கீழ் எட்டு வருஷம், அஸ்பெஸ்டஸ் சீற்றின் கீழ் ஒன்பது, கொங்கிறீற்றின் கீழ் ஆறு, தகரத்தின் கீழ் ஐந்து. கூரையைப் பற்றிக் கதைக்க இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? இடைவேளையில் வாங்கிலே சாய்ந்து படுத்தவர் மேலே பார்க்காமல் வேறெதைப் பார்த்திருப்பார்?

இரண்டு வீடு தள்ளி, வெங்காயத் தோட்டம் செய்யும் சிவகரனும் அவன் மனைவி உதயகலாவும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். உதயகலா ஆசுப்பத்திரியில் தாதியாக இருப்பவள். ஒரு தடவை சொன்னதை மறுதடவை மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லாதவள். சிவகரன் தங்கமான மனிதன். அவனிடம் ஒரேயொரு குறை: கடைசியாக யார் கதைத்தாரோ அவர் சொன்னதுதான் சரி என்று நம்பிவிடுவான். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் கனடாவிலிருந்து கார்த்திகை பிறக்க முன்னர் வந்து இறங்குவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் புது வீட்டுக்குப் போயாக வேண்டும். மழைக்கும் முன்னால் போயாக வேண்டும்.

ஓடு போடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். அப்போதுதான் ஜெபசீலன் சைக்கிளை மதிலோடு சாத்தினார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. உங்கடை வீடு, உங்கடை விருப்பம். ஆனால்..."

இந்த இனத்தின் உயிர் அந்த "ஆனால்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. பக்கத்து வளவுத் தென்னையைக் காட்டினார். தேங்காய் ஒன்று விழுந்தால் எத்தனை ஓடு உடையும் என்று விரல்விட்டு எண்ணினார். இப்போதெல்லாம் மயில்கள் கூட்டமாக வருவதையும், ஆண் மயில் ஓட்டின் மேல் நின்று ஆடினால் என்ன ஆகும் என்பதையும் இரண்டு எட்டு வைத்துக் காட்டினார். சிவகரன் அன்று பின்னேரமே ஓடு வேண்டாம், சீற் போடுவோம் என்றான்.

மறுகிழமை ஜெபசீலன் வந்து, சீற்றுக்குக் கீழே பங்குனி வெயிலில் இருக்கும் மனிதருக்கும் பானைக்குள் இருக்கும் புட்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்றார். சரி, கொங்கிறீற் தட்டுப் போடுவோம், நாளைக்கு மேல்வீடும் கட்டலாம் என்றான் சிவகரன். தட்டில் தண்ணீர் தேங்கும், தேங்கினால் ஊறும், ஊறினால் நித்திரைப்பாயில் சொட்டும் என்றார். அப்படியானால் கலர்த் தகரம்? தகரத்தில் மழை விழுந்தால், பக்கத்தில் நின்று மனுசி கூப்பிடுவதுகூடக் கேட்காது என்றார். இது ஒரு குறையா என்று சிவகரனுக்கு ஒரு கணம் தோன்றியது. உதயகலா பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை.

பிறகு கூரையின் வடிவத்துக்கு வந்தார். இரண்டு பக்கம் சரித்தால் சாரல் அடிக்கும். நாலு பக்கமும் சரித்தால் மூலைக்கு மூலை ஒழுகும். மேசன் கோபிசங்கர் இரண்டு தடவை கூரைக்கு மரம் ஏற்றி, இரண்டு தடவையும் கழற்றி இறக்கினான். மூன்றாம் தடவை ஏணியை எடுத்துத் தன் வான் வண்டியில் கட்டத் தொடங்கினான். வெள்ளிக்கிழமை காலையில் என்ன கூரை என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அரியாலையில் வேறு வேலை இருக்கிறது, இனித் தை மாதம்தான் வருவேன் என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதலாவது தூறல் விழுந்தது.

உதயகலா சிவகரனைப் பார்த்தாள். அவன் மழையைப் பார்த்தான். அவள் வீட்டு வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு ஜெபசீலன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஐரிஸ் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். உதயகலா படத்தை மேசையில் விரித்தாள்.

"அங்கிள், இனி நாங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ. என்ன சொல்லுறியளோ அதைத்தான் போடுவம்."

ஜெபசீலன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை காலமை சொன்னால் காணும். பேந்து ஒழுகினாலும் நாங்கள் உங்களைக் குறை சொல்லமாட்டம். ஆர் கேட்டாலும், அங்கிள் சொல்லித்தான் போட்டனாங்கள் எண்டு மட்டும் சொல்லுவம்."

அவள் போன பிறகும் அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. அவருடைய வாழ்க்கையில் இப்படியொரு சோதனை வந்ததே இல்லை. அவர் இருக்கும் வீடு ஐரிஸுக்குச் சீதனமாக வந்தது; கூரையோடேயே வந்தது. நாலு தபால் கந்தோருக்கும் கூரை போட்டது அரசாங்கம். அறுபத்துநாலு வயதுவரை ஜெபசீலன் ஒரு கோழிக்கூட்டுக்குக்கூட இதுதான் கூரை என்று முடிவு சொன்னதில்லை.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாய் வரைக்கும் போனார். வழி நெடுகக் கூரைகள். நேற்றுவரை ஒவ்வொன்றிலும் ஒரு குறையைக் கண்டு மகிழ்ந்த அதே கண், இன்று குறையில்லாத ஒன்றாவது அகப்படாதா என்று தேடியது. ஓட்டைப் பார்த்தால் மயில் ஆடியது. தட்டைப் பார்த்தால் தண்ணீர் தேங்கியது. அவர் சொல்லி ஊரை வெருட்டிய அத்தனையும் ஒன்றுகூடி இப்போது அவரை வெருட்டின. வீடு திரும்பியவர் புட்டை அளைந்துகொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, ஏதாவதொண்டைச் சொல்லுங்கோவன்," என்றார் ஐரிஸ். "உலகத்திலை எல்லாரும் ஏதோ ஒண்டுக்குக் கீழைதானே படுக்கினம்."

"உமக்குக் கூரையைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் ஜெபசீலன். குரலில் வழக்கமான பலம் இல்லை.

ஓடு என்று சொல்வதா, சீற் என்று சொல்வதா என்று இரண்டு நாள் தவித்தவர், மூன்றாம் நாள், வியாழக்கிழமை, ஒன்றுமே சொல்லாமல் ஓடிவிட்டார். பருத்தித்துறையில் இருக்கும் அக்கா மக்டலீனைப் பார்த்துக் கனகாலம் என்று திடீரென நினைவு வந்ததாம். பையில் இரண்டு சாரமும் பைபிளும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக முகட்டைப் பார்க்கும் தம்பி, இந்தத் தடவை குனிந்த தலை நிமிராமல் வந்து கதிரையில் இருந்ததைக் கண்ட அக்கா, கழுத்துப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிட்டார். அவர் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை சட்டைப்பையில் போன் அடித்தபோது, எண்ணெய்க் கழுத்தோடு போனை எப்படிக் காதில் வைப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

போனை எடுக்காததால் உதயகலா நேரே வீட்டுக்கு வந்தாள். ஐரிஸ் முற்றத்தில் செவ்வரத்தைக்குக் கொப்பு வெட்டிக்கொண்டிருந்தார். ஆள் இல்லை என்றார். உதயகலாவின் முகம் வாடிவிட்டது. கோபிசங்கர் வானை இயக்கிவிட்டு வாசலில் நின்றான்.

"பிள்ளை, நீர் முதல்முதலிலை என்ன நினைச்சனீர்?" என்று கேட்டார் ஐரிஸ்.

"ஓடு, அன்ரி."

"அப்ப ஓடு."

இரண்டு மாதமாகத் தீராத விஷயம் செவ்வரத்தையடியில் இப்படித் தீர்ந்துபோனது. கோபிசங்கர் ஏணியை அவிழ்த்தான். இனிச் சிவகரனோடு ஒருவரும் கதைக்கக் கூடாது என்பதற்காக, கூரை முடியும்வரை அவனைத் தோட்டத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டாள் உதயகலா. பத்து நாளில் வேலை முடிந்து, பால் காய்ச்சி, குடிபுகுந்தும்விட்டார்கள். அடுத்த இரவே மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஜெபசீலன் ஊர் திரும்பினார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூரத்தில் சிவப்பாக ஒரு புது முகடு தெரிந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. யாரோ முடிவு செய்துவிட்டார்கள். முடிவு செய்தவர் ஜெபசீலன் இல்லை. அந்த நிம்மதி வீட்டு வாசல்வரைதான் நின்றது. ஒழுகவே இல்லை என்று ஐரிஸ் சொன்னதும் மனம் கொஞ்சம் நொந்தது.

பின்னேரம் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டுப் போனார். நிமிர்ந்தார். அக்காவின் எண்ணெய் நன்றாக வேலை செய்திருந்தது. வளை, கைமரம், மழைத்தண்ணீர்ப் பீலி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்குது பிள்ளை. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால்..."

சிவகரனின் முகத்தில் பழைய கலக்கம் வரத் தொடங்கியது. உதயகலா தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"நல்ல நேரம் வந்தியள் அங்கிள். பின்பக்கத்திலை குசினிக்குச் சரிவாய் ஒரு பத்திக் கூரை இறக்க வேணும். அதுக்கு என்ன போடுறதெண்டு நீங்களே முடிவாய்ச் சொல்லிப்போடுங்கோ."

சுடச்சுட இருந்த தேத்தண்ணியை ஜெபசீலன் ஒரே மிடறில் குடித்தார். வீட்டில் அவசர வேலை ஒன்றிருப்பதாகச் சொன்னார். சைக்கிளில் ஏறியபின் ஒழுங்கை முனைவரை அவர் தலை நிமிரவில்லை.

இந்த வைத்தியம் உரும்பிராய் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது அவர் எந்த வளவுக்குள் காலை வைத்தாலும், வீட்டுக்காரர் கதிரையைப் போட்டு, "நீங்களே முடிவாய்ச் சொல்லுங்கோ" என்கிறார். ஜெபசீலன் சில நாளாக மதில்களை மட்டும் பார்த்து வருவதாகக் கேள்வி.

வாசிக்கிற நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர் என்பது தெரியும். இருந்தாலும் ஒரு கேள்வி. பாதியில் எங்கேயோ, 'தென்னை பக்கத்தில் நிற்கும்போது இந்தப் பெண் ஓடு போட்டது பிழைதான், கலர்த் தகரம் போட்டு உள்ளே சீலிங் அடித்திருக்கலாம்' என்று மனத்துக்குள் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். உதயகலாவின் குசினிப் பத்தி இன்னும் போடாமல்தான் கிடக்கிறது. உங்கள் போன் இலக்கத்தை அவளிடம் கொடுக்கலாமா?