சபூர் மாஸ்டர் சொன்னது பிழை

மற்றவர்களுடைய துன்பத்தை இவ்வளவு பொறுமையாகத் தாங்கிக்கொள்ளக்கூடிய மனிதர் கல்முனையில் மட்டுமல்ல, இந்தக் கரையோரம் முழுவதிலுமே வேறு ஒருவர் பிறந்திருக்க முடியாது. எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் சபூர் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சபூர் என்றால் பொறுமை. யாருக்கு என்ன நடந்தாலும் வந்து நின்று, சபூர் செய்யுங்க என்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. ஏன் சபூர் செய்ய வேண்டும் என்பதைக் கேத்திரகணிதத் தேற்றம் போலப் படிப்படியாக நிறுவி முடித்துவிட்டுத்தான் போவார்.

எங்கள் தெருப் பேக்கரி ஒருநாள் தீப்பிடித்தது. ஆண்களும் பெண்களும் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். மாஸ்டரோ முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வந்ததெல்லாம் ஒருநாள் போகும் என்று விளக்கிக்கொண்டு நின்றார். வாளியோடு வந்தவன் கொஞ்சம் விலகச் சொன்னதற்கு, அவனையும் பொறுமையாக இருக்கச் சொன்னார். தீயை ஒருவாறு அணைத்துவிட்டார்கள். மாஸ்டரை அணைக்கத்தான் முடியவில்லை.

இறக்காமத்தில் அவருடைய பழைய மாணவன் ஒருவனின் வயலை, அறுவடைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது யானை மிதித்துவிட்டுப் போனது. கேள்விப்பட்டதும் மாஸ்டர் பஸ் ஏறினார். சோதனைதான் மனிதனைப் புடம்போடுகிறது என்று வரப்பில் நின்று நீண்ட நேரம் கதைத்தார். அந்த மாணவன் மரியாதையாகக் கேட்டு, தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு, "சேர், இண்டைக்கும் யானை வரும். இருந்து அதுக்கிட்டயும் ஒருக்காக் கதைச்சிட்டுப் போங்க" என்றான். மாஸ்டர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அவனுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

நாட்டில் எரிவாயு கிடைக்காமல் போன காலத்தில் அவருக்கு வீட்டில் விறகடுப்பு இருந்தது. இருந்தாலும் தினமும் சிலிண்டர் வரிசைக்கு வந்துவிடுவார். வரிசையில் நிற்பவனால் இடத்தை விட்டு ஓட முடியாது என்பதை இலங்கையிலேயே முதலில் கண்டுபிடித்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஊருக்கு அவர் வேண்டியவர். கலியாண வீடுகளில் அவருடைய பேச்சு இல்லாமல் சாப்பாடு தொடங்காது. பலர் கூடிச் சாப்பிடும் பெரிய தட்டான சோற்றுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆறிக்கொண்டிருக்கும் இறைச்சியைப் பார்த்தபடி, குடும்ப வாழ்க்கையின் அத்திவாரம் பொறுமைதான் என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஹார்ட்வெயார்க் கடை ஹாஜியார் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஆட்டுவார். பொறுமையாக இருக்க வேண்டியவர்கள் வேறு யாரோ என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பேச்சு எப்போதுமே இனிப்பாகத்தான் இருக்கும்.

மாஸ்டருக்கு ஒரே மகள், றிஸ்னா. உம்மா இல்லாத பிள்ளை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாஸ்டர் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். மருமகன் வந்து வீட்டோடு இருக்க, மாஸ்டர் பின்பக்கத்து ஒற்றை அறைக்குக் குடிபோனார். மருமகன் வாகனத் தரகர். தெருவில் கண்டால் முதல் ஸலாம் அவனுடையதாகத்தான் இருக்கும். அத்தர் வாசனை அவனுக்கு முன்னால் வரும், குரல் தேனாக ஒழுகும். கலியாணமாகிக் கொஞ்ச நாளில் அந்த வீட்டிலிருந்து வேறு சத்தங்கள் கேட்கத் தொடங்கின. மாஸ்டரின் அறைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். காலையில் மகள் பின்பக்கம் வந்து நிற்பாள். மாஸ்டர், கோபம் என்பது மழை மாதிரி, பெய்தால் விட்டுவிடும் என்பார். சபூர் செய்யச் சொல்வார். அவளும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவாள். மழை விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இடது மணிக்கட்டு வீங்கித் தொங்க, குழந்தையை வலது இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சத்தம் கேட்டு எங்கள் பக்கத்து வேலிக்கு வந்த என் மனைவி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாள். மாஸ்டர் வழக்கம்போல வாயைத் திறந்திருக்கிறார். றிஸ்னா அழவில்லையாம்.

"வாப்பா, நீங்க சொல்லித்தான் இவ்வளவு காலமும் இருந்தன். இன்னும் எவ்வளவு எண்டு சொல்லுங்க. நீங்க கணக்குப் படிப்பிச்ச ஆள்தானே."

மாஸ்டர் திறந்த வாயை மூடினாராம். ஊரில் யாரும் அதற்கு முன் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. ஓட்டோவைக் கூப்பிட்டு, மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டுப் போடுவித்துக் கூட்டி வந்தார்.

மருமகன் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அவனுடைய சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கேற்றுக்கு வெளியே வைத்தார். கோபத்தில் எறிந்தார் என்று பிறகு கதை கட்டினார்கள். அது பொய். சட்டைகளை மடித்து அடுக்கினார். சப்பாத்துகளைச் சோடி பார்த்து வைத்தார். ஹெல்மெட்டையும் அத்தர்ப் போத்தல்களையும் உயர வரிசைப்படி நிறுத்தினார். ஆசிரியர் புத்தி. பிறகு கேற்றைப் பூட்டி, உள்ளே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிவாசல் கலைந்து வந்த தெரு முழுவதும் அதைப் பார்த்தது. வெள்ளைச் சேர்ட்டும் சாரமுமாக வந்த மருமகன் தன் சப்பாத்துகளுக்கு நடுவில் நின்று, மாமாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று எல்லாரிடமும் தேன் குரலில் சொன்னான். பெரியவர்கள் கூடினார்கள். பெண்பிள்ளையின் எதிர்காலம், குழந்தையின் எதிர்காலம், ஊரின் மானம் என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கையில் எடுத்தார்கள். அவளுடைய மணிக்கட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. கடைசியாக ஹாஜியார் கேற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மாஸ்டர், சபூர் செய்யுங்க. எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கதானே."

"ஓம் ஹாஜியார், நான்தான் சொன்னன். நான் சொன்னது பிழை" என்றார் மாஸ்டர். "ஒங்கட மகள்ட கைய ஒருத்தன் முறிச்சிட்டு வந்து நிண்டா, நீங்க சபூர் செய்ங்க. நான் வந்து பார்க்கன்."

ஹாஜியாருக்கு அன்று திடீரென்று கடையில் வேலை வந்துவிட்டது. மருமகன் ஒரு வேனைப் பிடித்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். விவாக வழக்கு விசாரிக்கும் காதியாரிடம் அலைந்து, இழுபட்டு, றிஸ்னாவுக்கு விடுதலை கிடைத்தது.

அதற்குப் பிறகு மாஸ்டரை யாரும் கலியாணங்களுக்குப் பேச அழைக்கவில்லை. சாப்பாடு சூடாகவே கிடைக்கிறது. மகளின் குடும்பத்தைத் தானே குலைத்த மனிதர் என்று, அவர் பேச்சுக்கு அதிகமாகத் தலையாட்டியவர்கள்தான் அதிகமாகச் சொல்கிறார்கள். மருமகன் மருதமுனைப் பக்கம் மறுமணம் முடித்துவிட்டான். அந்தக் கலியாணத்துக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் போனார்கள்.

றிஸ்னாவின் கை சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அவள் காலையில் இடியப்பம் அவித்து விற்கிறாள். மாவைக் குழைத்துக் கொடுப்பதோடு சரி, இடியப்ப உரலை அழுத்துவது மாஸ்டர். தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிழிவார். ஒரு தட்டில் வட்டமாக விழும், அடுத்ததில் முக்கோணமாக விழும். வாங்க வந்தவர்கள் நேரம் போகிறது என்று முணுமுணுத்தால், அவர் ஒரு வார்த்தை புத்தி சொல்வதில்லை. இன்னும் வேகமாகப் பிழிவார், அவ்வளவுதான்.

மகள் அவரோடு அதிகம் கதைப்பதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. போன கிழமை நான் நிற்கும்போது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "வாப்பா, இருந்து பிழிங்க. முதுகு நோகும்." மாஸ்டர் சட்டென்று கதிரையை இழுத்து உட்கார்ந்தார். நீராவியைச் சாட்டிக் கண்ணைத் துவாயால் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இடியப்பம் யாருக்கும் அவ்வளவு பிடிக்காது. என்றாலும் தினமும் விடிந்ததும் போய் வாங்கி வருகிறேன்.