கல்லாய்ப் போன பிரேக்கும் இருக்கலாம் பாஸும்

எங்கள் மலைநாட்டில் அம்பிட்டியவிலிருந்து கம்பளை வரை தேடினாலும், ‘ஆமாம்’ என்ற சொல்லை வாயில் எடுக்காத மெக்கானிக் ஒருவரைத்தான் காண முடியும். எங்கள் பக்கம் மெக்கானிக் என்றால் ‘பாஸ்’. எங்கள் ரோட்டில் கராஜ் வைத்திருக்கும் அவரை எல்லோரும் ‘இருக்கலாம் பாஸ்’ என்றுதான் சொல்வோம். சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கும்.

ஒருமுறை அவர் வீட்டு வாசலில் நின்று, “பாஸ் இருக்காரா?” என்று கேட்டேன். ஜன்னல் வழியாக அவரே தலையை நீட்டி, “இருக்கலாம், வாங்க சேர்” என்றார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் சாப்பிட்டிருக்கலாம் என்பார். ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேலேயே ஒழுகும், “ஒழுகலாம்” என்பார். இப்படிப்பட்டவரிடம் யார் காரை விடுவது? நானும் இரண்டு வருடம் அவர் கராஜைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு என் பிரேக்குக்குப் பைத்தியம் பிடித்தது.

ஒருநாள் டவுனுக்கு இறங்கும்போது பெடல் கல்லாகிவிட்டது. மிதிக்கிறேன், இறங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு காலையும் அதன் மேல் வைத்து ஏறி நின்று, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்த பிறகு, முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் தள்ளி கார் நின்றது. பக்கத்தில் இருந்த மனைவி இறங்கி அந்த பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். “ஒண்ணும் இல்லையே” என்றார்கள். மாலையில் மறுபடியும் கல். இன்னொருவர் பிரேக் பேட் மாற்றினார். மூன்றாமவர் பிரேக் ஒயிலை மாற்றிவிட்டு, “உங்க சப்பாத்துலதான் பிழை” என்றார். காலில் போட்டிருந்த சப்பாத்தையும் மாற்றினேன். காலையில் பஞ்சு, மாலையில் கல். பிழை காரிலா என் காலிலா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலஹாவில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரே தாய்மாமன் நான். அம்மாவையும் சீர்த்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு அந்த மலை வளைவுகளில் போய்வர வேண்டும்.

வேறு வழி தெரியாமல், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மேடேறி வந்ததும் காரை அவர் கராஜில் விட்டேன்.

“எஞ்சினை நிப்பாட்டிட்டு, பிரேக்கை அஞ்சாறு தரம் மிதிங்க சேர்” என்றார். மிதித்தேன். இறுகியது. “காலை எடுக்காம இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.” செய்தேன்.

“கால் கீழ எறங்குச்சா?”

“எறங்கின மாதிரி...”

“மாதிரின்னா என்னா சேர்? எறங்குச்சா இல்லையா?”

இதைக் கேட்டவர் அவர்தான். நான் திகைத்துப்போய், “இல்லை” என்றேன்.

பானட்டைத் திறந்தார். “நம்ம கால் மட்டும் பிரேக்கைப் புடிக்காது சேர். எஞ்சின் காத்தை உறிஞ்சும். அந்த இழுவை இந்த ரப்பர் ஹோஸ் வழியா பூஸ்டருக்கு வரும். பூஸ்டர்தான் காலுக்கு ஒத்தாசை. அது வந்தா, ஸ்டார்ட் பண்ணதும் பெடல் தானா எறங்கும். ஒத்தாசை வராம இருக்கலாம்.” பூஸ்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி என் விரலை அதன் வாயில் வைக்கச் சொன்னார். இழுவை இருந்தும் இல்லாமலும் இருந்தது. ஹோஸை முழுதாகக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கத் துளையில் விரலை வைக்கச் சொன்னார். விரலைப் பிடுங்கித்தான் எடுத்தேன்.

“அப்ப ஹோஸ்தானா பாஸ்?”

“இருக்கலாம்” என்று கத்தியை எடுத்து அதை நீளமாகக் கிழித்தார். வெளியே பளபளவென்று இருந்த ஹோஸ் உள்ளே ஊறித் தொளதொளத்துக் கிடந்தது. முன்பு கார் வைத்திருந்த யாரோ சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போட்டிருக்கிறார். சூடானதும் அது இளகும். எஞ்சின் இழுக்கிற இழுவையில் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். ஆறினால் திறந்துகொள்ளும். எல்லோரும் காலையில் ஆறின காரைப் பார்த்திருக்கிறார்கள்.

“ஞாயிற்றுக்கிழமை கலஹாவுல தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, நான்தான் தாய்மாமன். அன்னைக்கு மட்டும் இதோட மெதுவா போயிட்டு வந்திரட்டுமா?” என்று கேட்டேன்.

“கூடாது” என்றார்.

அப்படியொரு முடிவான சொல்லை அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் டவுனுக்குப் போய் அதற்கென்றே உள்ள தடித்த ஹோஸை வாங்கி வந்து பூட்டினார். எஞ்சினைச் சூடாக்கிவிட்டு மறுபடியும் மிதிக்கச் சொன்னார். ஸ்டார்ட் செய்ததும் பெடல் காலடியில் மெல்ல இறங்கியது.

காதுகுத்து நன்றாக நடந்தது. பிள்ளை என் வேட்டியை நனைத்துவிட்டு அழுதாள். மாலையில் கீழே இறங்கும்போது இரண்டாவது வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அதன் மேல் பாஸ். நான் மெதுவாகப் போனால் அவரும் மெதுவாக வந்தார். ஹிந்தகல ஊரைத் தாண்டிச் சமதரையில் காரை நிறுத்தினேன். அவர் குனிந்து முன்சக்கரத்தருகே கையைக் காட்டி பிரேக்கின் சூடு பார்த்தார்.

“என்னா பாஸ் இந்தப் பக்கம்?”

“சும்மா. ஒரு ஆளைப் பாக்க வந்தேன்” என்று சொல்லிவிட்டு என்னை முந்திக்கொண்டு போய்விட்டார். யாரைப் பார்க்க வந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கலஹா சந்தியில் டீ குடிக்கும்போது கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு கேட்டார்: “அன்னைக்கு மோட்டார் சைக்கிள்ல ஒருத்தர் வந்து, காதுகுத்து வீட்டு தாய்மாமன் கார் எறங்கிருச்சா, எறங்கிருச்சான்னு கேட்டுக்கிட்டு மூணு மணி நேரம் இங்கயே நின்னாரே, அவரு சொகமா இருக்காரா?”

சுகமாக இருக்கிறார் என்றேன். மறுநாள், காரில் ஒரு குறையும் இல்லாமலே, அவர் கராஜுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.