ஐயாயிரத்துக்கு மேலே ஒரு பாட்டு

காரில் ஏறி உட்கார்ந்ததும் டெஸ்மண்டின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் இடித்தது.

"சீட் தானா முன்னால நகருது, பெட்டி."

"சீட் நகரல. நீங்கதான் பெருத்துட்டீங்க," என்றாள் மனைவி பெட்டி, சர்ச் பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவை கசங்காமல் பக்கத்தில் அமர்ந்தபடி.

பெட்ரோல் முள்ளும் கீழே கிடந்தது. டெஸ்மண்ட் வாரம் முழுக்க எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவன். கார் காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். அப்புறம் பெட்ரோல் எங்கே போகிறது?

"வெயில்ல ஆவியாகியிருக்கும்," என்று பெட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனுக்கு இன்று அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கம்பெனி அவர்களை அடுத்த வாரம் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. சாயங்காலம் வெங்கடராமன் என்பவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஆளைப் பிடித்ததும் பேசி முடித்ததும் பெட்டிதான். அதற்குள் ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டைக் கேட்டுவிட வேண்டும்.

பாட்டைப் பற்றிச் சொன்னவன் ஷோரூம் நாகேஷ். "இன்ஜின் மூச்சு விட வால்வு இருக்கில்ல சார், மத்த வண்டியில அது எப்பவும் ஒரே அளவுதான் திறக்கும். இதுல அப்படி இல்ல. கல்யாண மண்டபக் கதவு மாதிரி! சும்மா நாள்ல ஒரு கதவு போதும். முகூர்த்தக் கூட்டம் வந்தா ரெண்டையும் விரியத் திறந்துடுவோம்ல? இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுத்து தாண்டட்டும், வால்வு இன்னும் ஆழமா, இன்னும் ரொம்ப நேரம் திறக்கும். அப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க. சத்தமா அது? பாட்டு சார்! நின்ன இடத்துல வராது, ஓடணும். வேகம் இல்ல, சுத்துதான் முக்கியம்."

கடைசி வாக்கியம் டெஸ்மண்டின் காதில் விழவில்லை. பாட்டு என்றதுமே அவன் வேறு உலகத்துக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அதே கனவுதான். மேகத்தின் மேல் கார் மிதக்கும். எதிரே பெரிய மண்டபக் கதவுகள் இரண்டும் மெல்லத் திறக்கும், மல்லிகை வாசனையோடு காற்று உள்ளே பாயும். பாட்டு தொடங்கும் நேரம் பார்த்து விழிப்பு வந்துவிடும், பக்கத்தில் பெட்டியின் குறட்டை கேட்கும். ஆபீஸ் மீட்டிங்கிலும் அதே கனவு, அங்கே மானேஜரின் குரல் வந்து கெடுக்கும்.

நிஜத்தில் பாட்டு வராததற்குக் காரணம் அவனுடைய அப்பா. "முப்பதைத் தொட்டதும் டாப் கியர்ல போடு, பெட்ரோல் மிச்சம்" என்று பழைய ஃபியட்டில் அவர் சொல்லிக்கொடுத்தது அந்தக் குடும்பத்துக்குப் பதினோராவது கட்டளை. பெட்ரோல் மாயமாகத் தொடங்கியதும் டெஸ்மண்ட் இருபத்தைந்திலேயே டாப் கியருக்குப் போனான். டாப் கியரில் வண்டிதான் ஓடும், இன்ஜின் சாவகாசமாகத்தான் சுற்றும். இது ஊருக்கே தெரியும், நம்ம ஆளுக்கு மட்டும் தெரியாது.

"அமெரிக்காவுல கார் ஓட்டத் தெரியலன்னா ஒரு முட்டை கூட வாங்க முடியாதாம்," என்றாள் பெட்டி, ஓசூர் ரோட்டில்.

"அதான் நான் இருக்கேனே. உன் கையில வண்டியக் கொடுத்தா உருப்பட்ட மாதிரிதான்!"

பெட்டி ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

ஹெப்பகோடி தாண்டியதும் டாப் கியரில் நூறைத் தொட்டான். சுற்றைக் காட்டும் முள் மூவாயிரத்தருகில் கொட்டாவி விட்டது. இன்னும் வேகம் வேண்டுமோ? நூற்றிருபதுக்குப் போனான். கண்கள் சொக்கின, மல்லிகை வாசனை கூட வந்துவிட்டது. பாட்டுக்குப் பதிலாக விசில் கேட்டது.

"ஏன் சார், ஏரோப்ளேனா ஓட்டறே? லைசென்ஸ் கொடி," என்றார் கன்னடத்தில் பாதி, தமிழில் பாதியாகப் போலீஸ்காரர்.

தண்டம் கட்டிவிட்டு, இனி போலீஸ் இல்லாத ரோடுதான் சரி என்று ஒரு மண்பாதையில் திருப்பினான். அங்கே பெட்ரோல் தீர்ந்தது. கடவுளே! டெஸ்மண்ட் இறங்கித் தள்ளினான்.

"ஸ்டியரிங்க சும்மா நேராப் பிடிச்சுக்க, போதும்!"

பெட்டி பள்ளத்தை ஒதுக்கி, எருமையைச் சுற்றி, பெட்ரோல் பங்க் வாசலில் அளவாகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பரவாயில்லையே!" என்றான் மூச்சிரைக்க.

"ஜெபம் பண்ணினேன்," என்றாள்.

சாயங்காலம் வெங்கடராமன் வந்தார், பக்கத்துத் தெரு மைதானத்துக்கு எதிர்வீட்டுக்காரர். சாவியைக் கொடுக்கும்போது டெஸ்மண்டுக்குப் பெற்ற பெண்ணைக் கட்டிக்கொடுப்பது போலிருந்தது.

"ஒரு விஷயம் சார். ஐயாயிரம் சுத்துக்கு மேல போனா இதுக்குள்ள ஒரு பாட்டு வருமாம். ஆசை ஆசையா இருந்தேன், எனக்குக் கொடுத்து வைக்கல. நீங்களாவது கேளுங்க."

பெட்டி அவசரமாக, "காப்பி ஆறிடும், உள்ள வாங்க!" என்றாள்.

வெங்கடராமன் அசையவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு ஆச்சரியம்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? நீங்க ஆபீஸ் போனப்புறம் உங்க மிஸஸ் தினமும் ஃபர்ஸ்ட் கியரை மாத்தாமலே எங்க மைதானத்தைச் சுத்திச் சுத்தி ஓட்டிப் பழகறாங்களே, அந்தப் பாட்டைக் கேட்டு மயங்கித்தானே நான் வண்டியையே வாங்கறேன்!"