சாவி எதிர்வீட்டில்

சாவிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. தொர்தோஞ் ஆற்றின் இரு கரையிலும், வால்நட் தோப்புகளுக்கும் வாத்துப் பண்ணைகளுக்கும் நடுவே, எண்ணூறு வருஷமாகச் சாய்ந்துகொண்டே இருந்தும் இன்னும் விழாத ஒரு மாதா கோயில் எங்கே தெரிகிறதோ, அங்கே இந்த இனத்தில் ஒருவராவது கட்டாயம் இருப்பார். கோயில் பூட்டியிருக்கும். கதவில் ஒரு துண்டு அட்டை தொங்கும்: 'சாவி எதிர்வீட்டில்.' எதிர்வீட்டு ஜன்னல் திரை இலேசாக அசையும்.

அவ்வளவுதான். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

எங்கள் மொந்த்ரசாலின் சாவிக்காரர் எவாரிஸ்த், ஓய்வுபெற்ற தபால்காரர். வாய் துடைத்த துணி கழுத்தில் இருக்க, முழங்கை நீளச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, துப்பாக்கி தூக்கிய சிப்பாய்போலத் தெருவைக் கடந்து வருவார். நீங்கள் வெயிலுக்கு ஐந்து நிமிஷம் உட்காரத்தான் வந்திருப்பீர்கள். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் உள்ளே போனதும் கதவை உள்பக்கம் பூட்டிவிடுவார்.

"சுவரோவியத்துக்குக் காத்து ஆகாதுங்க" என்பார்.

ஓவியம் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சுவரில் பழுப்பாக ஒரு கறை இருக்கும். அதில் மூன்று ராஜாக்களும் ஓர் ஒட்டகமும் வருவதாக விரலால் காற்றில் வரைந்து காட்டுவார். ஒட்டகம் தெரிகிறது என்று நீங்கள் சொல்லும்வரை ஓர் அடி நகர மாட்டார். கடைசியில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எனக்கு இரண்டு தெரிந்தது.

சாவிக்காரரின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்: பன்னிரண்டாம் நூற்றாண்டு, அப்புறம் சேர்த்தது. பலிபீடமா? அப்புறம் சேர்த்தது. பிரசங்க மேடை, மணி, நாற்காலிகள், நீங்கள், நான், எல்லாமே அப்புறம் சேர்த்தது. எங்கே ஓட்டை இருந்தாலும் அது அந்தக் காலத்துப் போரில் இங்கிலாந்துக்காரன் போட்டது. ஊர் மேட்டில் ஒன்றரைச் சுவரும் ஒரு புகைபோக்கியும் நிற்க, அவை விழாமல் ஐவிக்கொடி கட்டிப் பிடித்திருக்கிறதே, அதுதான் எங்கள் கோட்டை. அதை எரித்தவனும் அவனே. இதனால் கீழ்த்தெருவில் வீடு வாங்கிக் குடியிருக்கும் லண்டன்காரப் பல் டாக்டர், பாவம், ரொட்டி வாங்கப் போகும்போதுகூடச் சந்து வழியாகத்தான் போகிறார்.

ஜன்னல் கதவுக்கு யாராவது புதுசாக நீலச் சாயம் அடித்தால் என்ன ஆகும்? எவாரிஸ்த் மணிக்கூண்டில் ஏறி, தொலைநோக்கியை எட்டுத் திசைக்கும் திருப்பி, "தெரியுது! கோயில்லேர்ந்து தெரியுது!" என்று ஊரே கேட்கக் கத்துவார். கோயில் பார்வையில் படுகிற வீட்டுக்கு இஷ்டப்பட்ட சாயம் அடிக்க முடியாது, சட்டம் இருக்கிறது. மறுநாள் அந்த ஜன்னல் சாம்பல் நிறமாகிவிடும்.

இதுவரை சிரிக்கிற சங்கதிதான். எங்கள் ஊர்ப் பொண்ணு நொயெமியின் கல்யாணத்தன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் முப்பது கோயிலுக்கு ஒரே சாமி. செவரின் சாமி சின்னக் கார் ஒன்றில் மலைக்கு மலை பறந்துகொண்டே இருப்பார். அன்று பகல் நகர மண்டபத்தில் பதிவெல்லாம் முடித்து, பொண்ணும் மாப்பிள்ளை பாஸ்தியேனும் கோயிலுக்குள் வந்தபோதே சாமி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"நாலு மணிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அடக்கம் இருக்கும்மா. இதை விட்டா எனக்கு ஏப்ரல்லதான் சனிக்கிழமை காலி."

"ஏப்ரலா? சாமி, இப்பவே இந்தக் கவுனை ரெண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் ஊக்கு மாட்டினாங்க. ஏப்ரல்ல கல்யாணத்தையும் ஞானஸ்நானத்தையும் ஒண்ணா வெச்சுக்க வேண்டியதுதான்" என்றாள் நொயெமி.

சாமி அவசரமாகப் பீடத்துக்குப் போனார். அங்கே அவருக்கு முன்னால் எவாரிஸ்த் நின்றிருந்தார். நல்ல கோட்டு, இஸ்திரி போட்ட சட்டை. எதிரே கோயில் நிறைய ஆள். அதிலும் பாதிப்பேர் வெளியூர், ஒட்டகத்தைப் பார்த்தே இராதவர்கள். சாவிக்காரருக்கு இது வாழ்நாளில் எத்தனை முறை வாய்க்கும்?

"எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்."

அந்த வார்த்தை அஸ்திவாரத்தில் தொடங்கியது. ஆர்கன் வாசிக்கிற அம்மா சமயோசிதமாகக் கட்டையை அழுத்தினார். "இந்த ஆர்கன் அப்புறம் சேர்த்தது" என்று அதையும் வார்த்தைக்குள் இழுத்துக்கொண்டார் எவாரிஸ்த்.

"மிஸ்யே எவாரிஸ்த், இன்னும் எந்த நூற்றாண்டுல இருக்கீங்க?" என்றாள் நொயெமி.

"பன்னிரண்டும்மா. தொடக்கம்."

"நான் இருபத்தொண்ணுல மூச்சு விட முடியாம நிக்கிறேன்."

சாமி துணிந்து சிலுவை வரையக் கையைத் தூக்கினார்.

"சாமி! ஒரு அடி தள்ளி நில்லுங்க. கீழ ஒரு மடாதிபதி அடக்கமாகி இருக்கார். அவர் தலைமேல நிக்கிறீங்க."

சாமி துள்ளி விலகினார். விலகிய இடத்தில் இன்னொரு மடாதிபதி. அங்கிருந்தும் துள்ளினார். இப்படியே பீடத்தைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டார்.

அப்போதுதான் பொண்ணு வீட்டு வரிசையில் ஒரு கனைப்பு கேட்டது. நொயெமியின் தாய்மாமன் ஒக்தாவ் எழுந்தார். பக்கத்து ஊர் காஸ்தெல்வியேலின் சாவிக்காரர் அவர். கல்யாணத்துக்குக்கூடத் தன் ஊர்ச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"இந்தத் தூணா பன்னிரண்டாம் நூற்றாண்டு? யாருய்யா சொன்னது?"

"நான்தான்யா சொன்னேன். உங்க ஊர்க் கோயில்ல ஒரு தூணாவது உருப்படியா இருக்கா?"

"இருக்கு. அத்தனையும் உங்களதுக்கு அப்பன் வயசு!"

"அண்ணே, உக்காருண்ணே, உன் கால்ல விழறேன்" என்று பொண்ணின் அம்மா கோட்டைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளை தலையில் கை வைத்தான். "ஒண்ணையே தாங்க முடியலை, ரெண்டாயிடுச்சு." சாமி கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

நொயெமியும் ஒரு சாவிக்காரரின் தங்கை மகள்தானே. இந்த இனம் எதை வைத்தால் எங்கே ஓடும் என்று அவளுக்குத் தெரியாதா?

எங்கள் கோயில் கூரைக்கடியில் வெளிச்சுவரைச் சுற்றிக் கல்லில் செதுக்கிய சிறு உருவங்கள் வரிசையாக உண்டு. தெற்குச் சுவரில் இருக்கும் ஒன்று மழையில் கரைந்து மூக்கும் முழியும் போய்விட்டது.

"மாமா," என்றாள் தேனாக, "தெக்குப்பக்கம் இருக்கிற கல்லு பன்னின்னு சொல்வீங்களே?"

"பன்னிதான்."

"பிஷப்!" எவாரிஸ்த் அலறினார். "பல்வலி வந்த பிஷப்! அதான் கன்னம் வீங்கியிருக்கு!"

"பிஷப்புக்கு ஏன்யா வாலு?"

"அது அங்கி ஓரம்யா!"

"வாங்க, போய்ப் பாத்துடலாம்!"

"வாங்க!"

இருவரும் வாசலைத் தாண்டினார்கள். அவர்கள் பின்னால் நாற்காலியை நகர்த்தி எழுந்து சிலரும் வெளியே போனார்கள். எவாரிஸ்தின் சாவி உள்பூட்டிலேயே இருந்தது. நொயெமி கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கல்யாணப் பொண்ணுகள் நடக்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் ஓடி, கதவைச் சாத்தி, சாவியைக் கொஞ்சம் தூக்கி, அழுத்தி, இடப்பக்கம் திருப்பினாள்.

"சாமி, ஆரம்பிங்க."

சாமி இரண்டு மடாதிபதிகளையும் மிதித்துக்கொண்டே ஆரம்பித்தார். அவ்வளவு வேகமான திருப்பலியை எங்கள் ஊர் கண்டதில்லை. "பாஸ்தியேன், நொயெமியை மனைவியா ஏத்துக்கச் சம்மதமா?" என்று அவர் கேட்ட நேரம், ஜன்னலுக்கு வெளியே, "ஒருக்காலும் இல்லை!" என்று எவாரிஸ்தின் குரல் அதிர்ந்தது. கோயிலே திரும்பிப் பார்த்தது. பாஸ்தியேன் பயத்தில், "சம்மதம், சம்மதம், சம்மதம்" என்றான். ஒன்று போதும் என்றார் சாமி.

கதவைத் திறந்ததும் சாமிதான் முதலில் ஓடினார். பிறகு பொண்ணும் மாப்பிள்ளையும். பிறகு நாங்கள், அரிசியும் கையுமாக.

தெற்குச் சுவரோரம் ஒரு சின்னக் கூட்டம் அண்ணாந்து நின்றது. லண்டன்காரப் பல் டாக்டரை யாரோ வீட்டிலிருந்து அழைத்து வந்து பிஷப்பின் வீக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பழைய கல் என்றாலே கொட்டாவி விடும் மாப்பிள்ளையின் அப்பா, லியோனிலிருந்து வந்த மனிதர், பெற்ற பிள்ளையின் கல்யாணத்தை முழுசாகத் தவறவிட்டு ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு!" என்றான் பாஸ்தியேன்.

"சரிடா, இரு. எனக்கு இது நாய் மாதிரி தெரியுது."

ஆகவே, இந்த இனம் பிறப்பால் வருவதல்ல, தொற்றுவது என்பது என் எளிய கருத்து. எனக்கு அந்தப் பயம் இல்லை, நான் கடைசிவரை உள்ளேயே இருந்தேன். உங்களைப் பற்றித்தான் கவலை. 'கல்யாணம் கிடக்கட்டும், அது பன்றியா, பிஷப்பா?' என்று இப்போது மனசுக்குள் கேட்டீர்கள், இல்லையா? அந்தக் கதவு சாத்தியபோது நீங்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.