பெண் பார்க்கப் போய்க் குறிப்பெடுத்த கதை

பார்த்ததை அன்றைக்கே எழுதி வைக்காதவன் உருப்படமாட்டான் என்பது இன்றைக்கும் என் கட்சி. நான் தெலுங்கு பேசக் கற்றது, கதை எழுதத் துணிந்தது எல்லாமே சட்டைப் பையில் கிடந்த குறிப்பு நோட்டின் புண்ணியம். என் கல்யாணம் கவிழப் பார்த்ததும் அதே புண்ணியத்தால்தான்.

அது யுத்த காலம். திருத்தணியில் நான் சர்க்கார் குமாஸ்தா. வீட்டுச் செலவுக்குப் போக மீதி நெல்லைச் சர்க்காருக்குக் கொடு என்று கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலோடு ஒருவன் தெருவில் நுழைந்தாலே குடியானவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். (தெரிந்தால் போதுமா, புத்தி வேண்டாமா!)

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டுக்கு நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனார். கூடத்தில் திண்ணை மாதிரி உயரமாக ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். பெண் பெயர் ரங்கம்மா. மோர்த் தம்ளரை நீட்டும்போது என்னை நேருக்கு நேர் பார்த்தாள். அவ்வளவுதான், நான் காலி. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு நெற்குதிர், மேலே சுண்ணாம்புக் கோலத்தோடு நின்றது. ஆகா, கதையில் வைக்கலாமே! நோட்டை எடுத்தேன். சுற்றி வந்தேன். உயரம் பார்த்தேன். விரலால் தட்டிக்கூடப் பார்த்தேன். (சத்தம் எப்படி என்று எழுத வேண்டாமா?) திரும்பினால் பெண்ணின் தகப்பனார் நிற்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.

கூடத்துக்கு வந்ததும் வெடித்தார்.

"ஏங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா, நெல்லு பாக்க வந்தீங்களா? சர்க்கார் உத்தியோகம்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்! இந்தச் சம்மந்தமே வேணாங்க!"

நைனாவுக்கு ரோஷம் வந்து எழுந்தார். உடனே பெண்ணின் தகப்பனார் பதறிப்போய் நைனாவின் தோளைப் பிடித்து அழுத்தினார். "ஐயோ, நீங்க உக்காருங்க! எழுந்துக்காதீங்க!"

வேண்டாம் என்கிறார், உட்கார் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரங்கம்மா கைநழுவிப் போகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாடா எழுதிகினு இருந்தே? படிடா!" என்று நைனா என்மேல் பாய்ந்தார்.

நோட்டைப் பிரித்துப் படித்தேன். "குதிர்க் கோலம் வெகு அழகு. அந்தப் பெண் போட்டதாக இருக்கும். மோரில் உப்பு இல்லை. ஆனாலும் குடித்தேன். கொடுத்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள்."

உள்ளிருந்து ஒரு சிரிப்பு. "ஆங், உப்பு போட மறந்துட்டேன்!"

"இத்தையா எழுதிகினு இருந்தீங்க?" என்று பெண்ணின் தகப்பனார் பெருமூச்சு விட்டார். போன உயிர் எனக்கும் திரும்பி வந்தது. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டோம்.

கல்யாணமான பிறகு ஒருநாள் ரங்கம்மாவிடம், "அந்தக் குதிர்ல எவ்ளோ நெல்லு இருந்துது?" என்று கேட்டேன்.

"அது காலிங்க."

"பின்னே உங்க நைனா ஏன் அப்படிப் பதறினாரு?"

"மூட்டைங்களை அடுக்கி, மேல ஜமக்காளம் போட்டுத்தானே உங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சிருந்தோம்!"

அப்போது ஆரம்பித்த மானக்கேடு இன்னும் ஓயவில்லை. மாமனார் வீட்டில் நான் பையில் கைவிட்டால் போதும், அத்தானைப் 'பாவா' என்று கூப்பிடும் மச்சான்கள் ஒரே குரலில் கத்துகிறார்கள்: "பாவா, எழுதறதுக்கு முன்னாடி கொஞ்சம் எழுந்து பாருங்க!"